சத்தம் மட்டும் வந்த மத்தியானம்

என் அம்மாவுக்குக் காது கேளாது. நான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு கேட்கும் சக்தி போய்விட்டது. பருத்தித்துறையில் கடலோடி ஒருவரின் மகளை, அதுவும் காது கேளாத மகளை, அந்தக் காலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. அதனால் இப்போது முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்களே கைமொழி, அது அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தது எங்கள் வீட்டுக்கென்றே உண்டான ஒரு கைப்பேச்சு. பாதி அம்மா கண்டுபிடித்தது, பாதி நானும் தம்பியும் சேர்த்தது. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. பின்னலை இழுப்பதுபோலக் காட்டினால் நான். புருவத்தை ஒரு விரலால் கீறினால் தம்பி. அவன் சின்னதில் கிணற்றுக்கட்டில் விழுந்து புருவம் வெடித்தவன். அப்பா இறந்த பிறகு, அந்தப் பேச்சைத் தட்டுத்தடங்கலில்லாமல் பேசக்கூடியவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். மூன்றாவது ஆள் லண்டனில் இருந்தான்.

தம்பிக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுதென்று போன வருடம் கண்டுபிடித்தார்கள். மாற்ற வேண்டும் என்றார்கள். நெஞ்சைத் திறந்து செய்கிற ஒப்பரேஷன். அவன் எனக்குச் சொன்னான், "அம்மாவுக்குச் சொல்லாதை அக்கா. சின்ன விஷயம் எண்டு சொல்லு." நானும் அப்படியே சொன்னேன். குழாயில் அடைப்பெடுப்பதுபோல ஒரு வேலை, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று கையால் காட்டினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

ஒப்பரேஷனுக்குப் போகுமுன் அம்மாவோடு பேச வேண்டும் என்றான். அங்கே காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். இங்கே மத்தியானம் ஒன்றரை. ஒரு மணிக்கு அழைப்பதாக ஏற்பாடு. முன்பெல்லாம் போனிலேயே பேசிக்கொள்வார்கள். ஆனால் அம்மாவின் இரண்டு கண்களிலும் வெண்படலம் விழுந்து ஆறேழு மாதமாகியிருந்தது. போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்தாலும், தம்பியின் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு கட்டியாகத்தான் தெரியும். காது கேட்கிறவர்களுக்கு இது விளங்காது. "குரல் தெளிவாக் கேக்குதுதானே, பிறகென்ன?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். எங்களுக்குக் குரலால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தம்பிதான் யோசனை சொன்னான். "லப்ரொப்பை ரீவியோடை கொழுவு அக்கா. பெரிசாத் தெரியும்." போன முறை வந்தபோது அவனே வாங்கித் தந்த பெரிய ரீவி. நான் முதல் நாள் வேலை முடிந்து வரும்போது பட்டணத்தில் எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று வாங்கி வந்தேன். கொழுவிப் பார்த்தேன். என் லப்ரொப்பின் முகப்புப் படம், அந்த நீல மலை, ரீவியில் பெரிதாக வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா சிரித்தார். அவ்வளவோடு வயரைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், தெரிந்த யாரோடாவது ஒரு நிமிடம் பேசிப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. நான் நூலகத்தில் வேலை செய்கிறவள். அங்கே கம்பியூட்டர் பிழைத்தால் எல்லோரும் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

அடுத்த நாள் பன்னிரண்டரைக்கே எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அம்மா குளித்து, வெளியே போகிறபோது கட்டும் சேலையைக் கட்டி, ரீவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் செபமாலை. வயரைக் கொழுவினேன். ரீவியில் கறுப்புத் திரை, நடுவில் "சிக்னல் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி, அங்குமிங்கும் மிதந்துகொண்டிருந்தது.

வயரைக் கழற்றி மறுபடி சொருகினேன். இல்லை. லப்ரொப்பை நிறுத்திப் போட்டேன். அது எழும்புவதற்கு ஐந்து நிமிடம். இல்லை. பிறகுதான் ரீவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரி மூன்று துளைகள். முதல் நாள் ஒன்றில், இன்று வேறொன்றில் சொருகியிருக்கிறேன். ரிமோட்டில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனேன். இரண்டாவதில் நீல மலை வந்தது. அம்மா கைதட்டினார்.

மணி ஒன்று அடிக்கச் சில நிமிடம். தம்பியின் அழைப்பு வந்தது. எடுத்தேன். லப்ரொப்பில் அவனுடைய முகம். ரீவியில் இன்னும் நீல மலை.

அம்மா ரீவியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். தம்பி லப்ரொப்பிலிருந்து, "அக்கா, அம்மா எங்கை?" என்கிறான். "பொறு, பொறு" என்று சொல்லிக்கொண்டே கண்டதையெல்லாம் அமத்தினேன். லப்ரொப் ரீவியைத் தனியான இரண்டாவது திரையாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றில் காட்டுவதை மற்றதில் காட்டவில்லை. நூலகத்தில் படம் போடுகிற கருவிக்கு இதையே எத்தனை தரம் மாற்றியிருக்கிறேன், அந்த நேரத்தில் விரலுக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் வந்தது. இரண்டு திரையிலும் ஒரே படம் என்று மாற்றினேன்.

தம்பி சுவரளவு பெரிதாக வந்தான். ஆஸ்பத்திரி உடுப்பு, முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் தலையணை. அம்மா நாற்காலியை விட்டு எழுந்து ரீவிக்குக் கிட்டப் போனார். அவன் புருவத்தைக் கீறி, மூக்கைத் தொட்டு, பேசத் தொடங்கினான்.

கைகள் வரவில்லை. முகம் தெளிவாக நின்றது, கைகள் மட்டும் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்தன. ஒரு இடத்தில் இருந்த கை, அடுத்த கணம் வேறொரு இடத்தில் இருந்தது. நடுவில் என்ன செய்தது என்று தெரியவில்லை. சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்கு இது பெரிய குறையே இல்லை. அம்மாவுக்கோ ஒவ்வொரு வசனத்திலும் பாதிச் சொல் விழுந்துகொண்டிருந்தது. அவர் என் தோளைத் தட்டி, "விளங்கேல்லை, விளங்கேல்லை" என்று காட்டினார்.

எங்கள் வீட்டில் வைஃபை பெட்டி முன்னறையில் இருக்கிறது. நாங்கள் இருந்த அறைக்கு இரண்டு சுவர் தாண்டி வர வேண்டும். "தம்பி, நான் போன் டேட்டாவுக்கு மாத்திறன், ஒரு நிமிசம்" என்றேன். அவன் பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் பேசும் சத்தம். அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு அவசரமாக எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

எங்கள் கைப்பேச்சில் "போட்டு வாறன்" என்பதற்கு இரண்டு அசைவு. உள்ளங்கையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும், அது போறது. பிறகு விரல்களை மடக்கி நெஞ்சுக்கு இழுக்க வேண்டும், அது வாறது. ஒரே மூச்சில் இரண்டையும் செய்வோம். போறன் என்று மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் வாயாலும் சொல்வதில்லை, கையாலும் சொல்வதில்லை.

தம்பி உள்ளங்கையைத் தள்ளினான். படம் அந்த இடத்தில் நின்றது.

வெளியே விரிந்த கையோடு, கண் பாதி மூடியபடி, ரீவி முழுக்க அவன் அசையாமல் நின்றான். எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. பத்து விநாடியாக இருக்கலாம். பிறகு அழைப்பு அறுந்து நீல மலை வந்தது.

அம்மா திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் கண்டிருக்கிறேன், அப்பாவின் உடலைக் கொண்டுவந்த அன்று. "போறன் எண்டு சொன்னவன்" என்று காட்டினார். "வாறன் எண்டு சொல்லேல்லை."

"படம் நிண்டிட்டுது அம்மா. அவன் சொன்னவன். நெற் பிழை." இன்ரநெற்றுக்கு எங்களிடம் அடையாளம் கிடையாது. நான் வயரைக் காட்டினேன், ரீவியைக் காட்டினேன், வானத்தைக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. திரும்ப அழைத்தேன். மணி போய்க்கொண்டேயிருந்தது. எடுக்கவில்லை.

தம்பியின் மனைவி, என் மச்சாள், போனில் குரற்செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய குரல் அழுது முடித்த குரலாக இருந்தது. "மச்சாள், இவரைச் சொன்ன நேரத்துக்கு முன்னமே உள்ளை கொண்டுபோட்டினம். மாமியோடை ஒழுங்காக் கதைக்கேல்லை எண்டு கவலைப்பட்டவர். நேற்று ராத்திரி மாமிக்கெண்டு ஒரு வீடியோ எடுத்து வைச்சவர். கதைக்கேலாமல் போனா இதைக் காட்டச் சொன்னவர். இப்ப அனுப்பிறன்."

வீடியோ என் போனுக்கு வந்து சேர்ந்தது. நான் அதைத் திறக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அறுபத்தெட்டு வயது மனுசிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "நீ முதல் பார்க்காதை" என்றார். "நீ பார்த்தா வெட்டிச் சொல்லுவாய். நான் அவன்ரை கையைப் பார்க்க வேணும்."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. எனக்கு எழுத்துத் தெரிந்த வயதிலிருந்து அம்மாவுக்காக நான்தான் உலகத்தோடு பேசி வந்திருக்கிறேன். டொக்டரிடம், பஸ்ஸில், அரசாங்கக் கந்தோரில், கோயிலில். சில இடங்களில் கடுமையான சொற்களை எடுத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். அது அம்மாவுக்குத் தெரியாதென்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

போனில் அதைத் திறக்கவில்லை. வீடியோவை லப்ரொப்புக்கு மாற்றினேன். திறந்தேன். ரீவி கறுப்பாகியது. நீல மலையும் போய், முழுக் கறுப்பு. ஆனால் ரீவியிலிருந்து சத்தம் வந்தது.

ஒரு கட்டில் கிரீச்சிட்டது. தூரத்தில் யாரோ இருமினார்கள். துணி உரசும் சத்தம். தம்பியின் மூச்சு, கொஞ்சம் இளைத்த மூச்சு. பிறகு நெஞ்சில் உள்ளங்கை படுகிற சத்தம், ஒன்று, இரண்டு. அவன் பேசிக்கொண்டிருக்கிறான். அந்தக் கறுப்புக்குள்ளே அவனுடைய கைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்குக் கேட்கிறது, ஆனால் ஒரு சொல்லும் தெரியவில்லை. அம்மாவுக்குக் கேட்கவும் இல்லை. அவர் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு ஏதோ கேக்குது. என்ன கேக்குது?"

"மூச்சு" என்று காட்டினேன். வேறென்ன சொல்வது?

முதலில் ரீவியில்தான் பிழை என்று நினைத்தேன். வயரைக் கழற்றினேன். லப்ரொப்பின் திரையிலும் கறுப்பு. அப்படியானால் ரீவியும் வயரும் சரி. லப்ரொப்பால்தான் இந்த வீடியோவைக் காட்ட முடியவில்லை. அந்த நேரம் திரையின் ஓரத்தில் ஒரு அறிவித்தல் வந்தது. இந்த வகை வீடியோவைப் பார்க்க இன்னொரு மென்பொருளை வாங்கிப் போட வேண்டுமாம், வங்கிக் காட் இலக்கத்தைத் தா என்றது. என்னிடம் அப்படியான காட் இல்லை.

நெல்லியடியில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற ஒருவரைத் தெரியும். நூலகத்துக் கம்பியூட்டர்களைத் திருத்த வருகிறவர். நிதானமான ஆள். அவரை அழைத்தேன்.

"அண்ணை, ஒரு வீடியோ. சத்தம் வருது, படம் வரேல்லை."

"ரீவியிலையோ லப்ரொப்பிலையோ?"

"ரெண்டிலையும்."

"எதிலை எடுத்த வீடியோ?"

"லண்டனிலை, ஐபோனிலை."

"ஓம், அதுதான். உங்கடை பழைய மெஷினுக்கு அந்த மாதிரிப் படத்தைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. சத்தத்தை மட்டும் விளங்கிக்கொள்ளுது. ஒண்டும் வாங்காதேங்கோ. இலவசமா வேறை பிளேயர் இருக்கு, அதை இறக்கிப் போடுங்கோ. பேர் அனுப்பிறன். அவசரமே?"

"என்ரை தம்பி ஒப்பரேஷனிலை இருக்கிறான். அம்மாவுக்குக் காது கேளாது. அவன்ரை கையைப் பார்க்க வேணும்."

"போனை வையாதேங்கோ தங்கச்சி. நான் லைனிலை நிக்கிறன்" என்றார்.

பிளேயர் இறங்கத் தொடங்கியது. நூற்றுக்கு நான்கு. நூற்றுக்கு ஏழு. நான் லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடி, வைஃபை பெட்டிக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்தேன். அம்மாவும் பின்னால் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். செபமாலையை உருட்டவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தார். முப்பதில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. அந்த நேரம் அங்கே தம்பியின் நெஞ்சைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததை அம்மா என் முகத்தில் வாசித்துவிடக்கூடாதென்று குனிந்துகொண்டேன். போனில் அண்ணை, "எத்தினை?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

முடிந்தது. பிளேயரைப் போட்டேன். லப்ரொப்பில் வீடியோவைத் திறந்தேன். முதல் விநாடியிலேயே தம்பியின் புருவம் தெரிந்தது. சட்டென்று நிறுத்திவிட்டேன். "நீ முதல் பார்க்காதை" என்றது கையில் இன்னும் வலித்தது.

ரீவிக்குக் கொண்டுபோய்க் கொழுவினேன். படம் வந்தது. ஆனால் இரண்டு விநாடி ஓடி ஒரு விநாடி நின்றது, மறுபடி ஓடியது.

"அண்ணை, விட்டு விட்டு ஓடுது!"

"ரெண்டு திரையிலையும் காட்டுறீங்களே? உந்த மெஷின் இழுக்காது. ரீவியிலை மட்டும் காட்டுங்கோ. திறந்திருக்கிற மற்றதெல்லாத்தையும் மூடுங்கோ. திரையின்ரை அளவையும் ஒரு படி குறையுங்கோ, ரீவி பெரிசெண்டு அது கூட்டித்தான் வைச்சிருக்கும்."

ஒவ்வொன்றாகச் செய்தேன். லப்ரொப்பின் திரை அணைந்தது. ரீவியில் தம்பி வந்தான். "வந்திட்டுது" என்றேன். "சரி, அம்மாவோடை இருங்கோ" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

வீடியோ நான்கு நிமிடம். அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனை எதிரே எதிலோ சாய்த்து வைத்திருந்தான். கைகள் ஆறுதலாக, பெரிதாக அசைந்தன. அம்மாவின் கண்ணுக்காக அப்படிச் செய்தான். அவனுடைய சொற்களை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? மருந்துக் குளிசை போட்டீங்களா? நாளைக்கு என்ரை நெஞ்சைத் திறப்பினம். கொஞ்ச நேரத்துக்கு இதயத்தை நிப்பாட்டி வைப்பினம். ஒரு மெஷின் எனக்காக வேலை செய்யும். பிறகு திரும்ப ஓட வைப்பினம். அக்கா சின்ன விஷயம் எண்டு சொல்லியிருப்பா. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். அவவோடை கோபிக்காதேங்கோ."

அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ராத்திரி யோசிச்சனான்" என்று தம்பி தொடர்ந்தான். "உங்களுக்குத் தெரியாமல் போறது சரியில்லை. பயமாத்தான் இருக்கு. உங்களிட்டைச் சொன்னாப் பயம் குறையும்."

அதன் பிறகு அவன் ஒரு அடையாளம் காட்டினான். இரண்டு சின்ன விரல்களையும் கொழுவி, தாடைக்குக் கீழே வைத்து, தலையைச் சரித்தான். எனக்கு அது தெரியாது. எங்கள் பேச்சில் எனக்குத் தெரியாத ஒரு சொல் இருக்குமென்று அதுவரை நினைத்ததேயில்லை. அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "என்ன அது?" என்று கேட்டேன். கையை வீசி, "உனக்கில்லை" என்றார்.

வீடியோ முடிந்தது. "திரும்ப" என்றார். மூன்று தரம் போட்டேன். மூன்றாவது தரம் முடிந்ததும் நாற்காலியைத் திருப்பி எனக்கு நேரே போட்டு உட்கார்ந்து, "எவ்வளவு நேரம் நிப்பாட்டி வைப்பினம்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"கேள்."

மச்சாளுக்கு எழுதிக் கேட்டேன். ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் இருக்கும் என்று டொக்டர் சொன்னதாகப் பதில் வந்தது. அதைக் குறைக்காமல் அப்படியே காட்டினேன். "செத்துப்போகவும் கூடுமோ?" என்று அம்மா கேட்டார். "கூடும். ஆனா கனபேர் பிழைக்கினம்" என்றேன். அம்மா தலையாட்டினார். அதுவரை நான்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். அந்தப் பின்னேரம் முழுக்க நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து போனைப் பார்த்தேன். அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இடைக்கிடை எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்ததோடு சரி.

ஆறரை மணிக்குப் போன் அடித்தது.

"மச்சாள்?" என்றேன்.

"முடிஞ்சுது. இப்பதான் டொக்டர் வந்து சொன்னவர். இதயம் வடிவா ஓடுதாம். முழிக்க நாளைக்காகுமாம்."

அம்மாவிடம் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்து அடிப்பதுபோலக் காட்டினேன். அம்மா என் கையை எடுத்து, என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினார். பிறகு விட்டுவிட்டு, காலையிலிருந்து தலைகூடச் சீவவில்லை, போய்க் குளி என்று காட்டினார்.

குளியலறையில் வாளிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வாயைப் பொத்தாமல் அழுதேன். அந்த வீட்டில் எவ்வளவு பெரிதாக அழுதாலும் கேட்க ஆளில்லை. வெளியே வந்தபோது அம்மா மத்தியானக் கறியைச் சூடாக்கி இரண்டு கோப்பையில் சோறு போட்டிருந்தார். என் கண்ணைப் பார்த்தார். பெரிய மீன் துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தார்.